ஹள்ளியா, பள்ளியா, அள்ளியா: ஊர்ச் சொல்லுக்கு வேர் தேட எந்த நூல்?

எங்கள் பள்ளி கிருஷ்ணகிரி மாவட்டத்தில், வேப்பனஹள்ளிப் பக்கம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, தெலுங்கு பேசும் பிள்ளை, கன்னடம் பேசும் பிள்ளை, உருது பேசும் பிள்ளை எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். போன கோடை விடுமுறைக்கு அவர்களிடம் ஒரு வேலை கொடுத்தேன். தாத்தா பாட்டி வாயில் புழங்கும் சொற்களை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். மூன்று நோட்டு நிறைய வந்தது. அதைச் சின்னப் புத்தகமாகப் போடலாம் என்று ஆசிரியர்கள் சேர்ந்து முடிவெடுத்தோம். சொல், பொருள், எந்த ஊரில் கேட்டது, கடைசியாக 'எங்கிருந்து வந்தது' என்று நான்கு கட்டம். முதல் மூன்று கட்டத்தைப் பிள்ளைகளே நிரப்பிவிட்டார்கள். நாங்கள் மாட்டிக்கொண்டது நாலாவது கட்டத்தில்.

ஒரு பையன் தன் ஊர்ப் பெயருக்கு நேராக, 'ராஜா பொன்னை அள்ளி அள்ளிக் கொடுத்ததால் அள்ளி' என்று எழுதியிருந்தான். அவன் பாட்டி சொன்ன கதை. நல்ல கதை, அதைப் பாதுகாக்கவும் வேண்டும். ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் அள்ளி என்று முடியும் ஊர்கள் ஏராளம். எல்லா ஊருக்கும் பொருந்துகிற விளக்கம்தான் அந்தக் கட்டத்தில் வர வேண்டும். அதை எந்த நூலைப் பார்த்து எழுதுவது?

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மூத்த தமிழாசிரியர் ஐயா, "பாவாணர் வழியில் வந்த சொற்பிறப்பியல் பேரகரமுதலி இருக்கும்போது வேறென்ன வேண்டும்?" என்றார். கணக்கு மிஸ் போனிலேயே சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியைத் திறந்து காட்டி, "இது போதும் சார், உடனே கிடைக்குது" என்றார். நான் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைச் சொன்னேன். சமூக அறிவியல் சாருக்கு அகராதிகளில் நம்பிக்கை குறைவு. "கல்லில் என்ன வெட்டியிருக்குதோ அதுதான் சாட்சி" என்பார் அவர்.

சரி, நாலையும் ஒரே சொற்களை வைத்துச் சோதிப்போம் என்று உட்கார்ந்தோம். அள்ளி, ஒகேனக்கல், உரல், ஆயிரம், வசூல், அப்புறம் நடுகல்லில் வரும் தொறு. நம்மைப் போல ஊர்ச்சொல் திரட்டும் ஆசிரியர்களும் வாசகர் வட்டங்களும் வேறு ஊர்களிலும் இருப்பார்கள் என்பதால், கண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் திறக்க வேண்டியது

கணக்கு மிஸ் காட்டிய தமிழ் அகராதியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் அனுபந்தமாகவும் வந்தது. ச. வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்த வேலை. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

வசூல் என்று போட்டால் ஒரு நிமிடத்தில் விடை. உருது வழியாக வந்த அரபுச் சொல். பாக்கி, கிஸ்தி, தாலுகா, ஜில்லா, தாசில்தார், நகல், ரத்து என்று பிள்ளைகள் எழுதிவந்த பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் தீர்ந்தது. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் போர்ச்சுகீசியர் விட்டுச் சென்றவை. இந்த வகைச் சொற்களுக்கு வேறு எந்த நூலையும் தேடிப் போக வேண்டாம்.

நம் பகுதியில் இந்த அரசு அலுவலகச் சொற்கள் இவ்வளவு ஆழமாக ஊன்றியதற்கு வரலாறும் உண்டு. இந்த மண்ணுக்கு ஒரு காலத்தில் பாராமகால் என்று பெயர். அதில் உள்ள 'பாரா' இந்துஸ்தானியில் பன்னிரண்டு. ஹைதர், திப்பு காலத்தில் வரிக் கணக்கெல்லாம் பாரசீகச் சொற்களில் நடந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கேப்டன் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் நில அளவையும் வரித் திட்டமும் போட்டார்கள். மன்றோ தருமபுரியில் குடியிருந்தவர். ஆட்சி மாறியும் சொற்களை அவர்கள் மாற்றவில்லை. அதனால்தான் இன்றைக்கும் பாட்டி, "கிஸ்தி கட்டியாச்சா?" என்று கேட்கிறார்.

இந்த அகராதியில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ஒரு சொல் இன்ன சொல்லிலிருந்து வந்தது என்பதற்கு ஒரு குறி, இன்ன சொல்லோடு ஒப்பிட்டுப் பார் என்பதற்கு வேறொரு குறி என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் பார்க்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, 'பல்கலைக்கழக அகராதியே வடமொழி என்கிறது' என்று எழுதிவிடுகிறார்கள். எங்கள் நோட்டிலும் நாலைந்து சொல் அப்படி வந்திருந்தது. ஒப்பிடச் சொல்லும் குறி திசையைச் சொல்வதில்லை. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிருக்கலாம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்திருக்கலாம்.

அள்ளிக்கு வருவோம். பள்ளி என்ற தலைச்சொல்லின்கீழ் ஊர், இடைச்சேரி, முனிவர் இருப்பிடம், சமணக் கோயில், அறை, படுக்கை, பள்ளிக்கூடம் என்று பொருள்கள் வரிசையாக வருகின்றன. ஆனால் எங்கள் பையனின் ஊர்ப் பெயரில் ப இல்லை. அங்கே போக அகராதி வழி காட்டவில்லை.

மூன்று வீட்டு உரல்

நான் சொன்ன நூலுக்கு 1961இல் முதல் பதிப்பு, 1984இல் திருத்திய இரண்டாம் பதிப்பு. தாமஸ் பர்ரோ ஆக்ஸ்ஃபோர்டில் வடமொழிப் பேராசிரியர். முர்ரே எமனோ கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்தவர், நீலகிரிக்கு வந்து தோடர், கோத்தர் மொழிகளை நேரில் கேட்டு எழுதியவர். தமிழிலிருந்து பலுசிஸ்தானத்துப் பிராகுயி வரை இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளின் உறவுச் சொற்களை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளில் அடுக்கியிருக்கிறார்கள். வரிசை தமிழ் நெடுங்கணக்கு வரிசைதான். இதுவும் சிகாகோ தளத்தில் இலவசம்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். முழுவதும் ரோமன் எழுத்து, மேலேயும் கீழேயும் புள்ளிகளும் கோடுகளும். பொருள் ஆங்கிலத்தில். வசூல், சாவி போன்றவை இதில் கிடையாது, திராவிடச் சொற்கள்தான் இதன் வேலை. விளக்கமும் எழுத மாட்டார்கள். தமிழில் இப்படி, கன்னடத்தில் இப்படி, தெலுங்கில் இப்படி என்று வரிசையாக வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு வறட்சியாக இருக்கும்.

இருந்தாலும் எங்கள் வகுப்புக்கு இதுதான் பொருந்தியது. ஒரு நாள் கரும்பலகையில் உரல் என்று எழுதிவிட்டு, "உங்க வீட்டுல இதை என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன். தமிழ் வீட்டுப் பிள்ளைகள் "ஒரல் சார்" என்றார்கள். கன்னட வீட்டுப் பையன் "ஒரளு" என்றான். தெலுங்கு வீட்டுப் பெண் "ரோலு" என்றாள். உருது பேசும் பெண் "ஓக்லி" என்றாள். அகராதியைத் திறந்து காட்டினேன். முதல் மூன்றும் ஒரே பதிவில் அடுத்தடுத்து இருந்தன. ஓக்லி அங்கே இல்லை. அது வேறு குடும்பம் என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

அப்புறம் மற்ற சொற்களையும் எழுதினோம். இலை எழுத்தில் இலை, வாயில் எல. கன்னடத்தில் எலெ. விலை வாயில் வெல. தெலுங்கிலும் வெல, கன்னடத்தில் பெலெ. குடை வாயில் கொடை, கன்னடத்தில் கொடெ. புகை வாயில் பொகை, தெலுங்கில் பொக, கன்னடத்தில் ஹொகெ. இ எ ஆகிறது, உ ஒ ஆகிறது, எல்லாச் சொல்லிலும் ஒரே இடத்தில், அடுத்த அசையில் அ அல்லது ஐ இருக்கும்போது. பேச்சில் நாம் செய்வதைக் கன்னடம் எழுத்திலேயே செய்துவிட்டது. இதைக் கண்டபோது கடைசிப் பெஞ்சிலிருந்த ஒருவன் எழுந்து, "அப்ப ஒரல்னு சொல்றது தப்பு இல்லையா சார்?" என்று கேட்டான். இத்தனை வருடமாக ஒரல் என்று சொன்னால் திருத்திக்கொண்டிருந்தவன் நான். ஒரல் என்பது கொச்சையாகச் சிதைந்தது என்று இனி எந்தப் பிள்ளையிடமும் சொல்ல மாட்டேன். அது தனக்கென்று ஒழுங்குள்ள ஒலிமாற்றம்.

தெலுங்கு ரோலு இன்னொரு ஒழுங்கு. முதலில் நிற்கும் உயிர் நகர்ந்து மெய்க்குப் பின்னால் போய்விடும். உரல் ரோலு ஆனது அப்படித்தான். அவர் வாரு, இவர் வீரு, இரண்டு ரெண்டு, உள் லோ. இதில் எந்தச் சொல்லையும் தனியாக நம்ப வேண்டிய அவசியம் இல்லை, பத்துச் சொல்லில் ஒரே மாதிரி நடக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இப்போது அள்ளி. கன்னடத்தில் பழைய ப பிற்காலத்தில் ஹ ஆனது. பால் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு, பத்து ஹத்து, போ ஹோகு. பழங்கன்னடத்தில் இவையெல்லாம் ப-விலேயே தொடங்கின. அதே வரிசையில் பள்ளி ஹள்ளி ஆனது. தமிழ் வாயில் ஹ நிற்காது, அதனால் ஹள்ளி அள்ளி ஆனது. மாரண்டஹள்ளியைச் சிலர் மாரண்டஅள்ளி என்று எழுதுவதும், எங்கள் வேப்பனஹள்ளியை வேப்பனப்பள்ளி என்று எழுதுவதும் இதனால்தான். நல்லம்பள்ளியிலும் போச்சம்பள்ளியிலும் ப அப்படியே இருக்கிறது. நம் மாந்தோப்புகளில் காய்க்கும் பங்கனப்பள்ளி ஆந்திரத்து ஊர்ப் பெயர், அதிலும் இதே சொல். எங்கள் பையனிடம், "நீ படிக்கிற பள்ளியும் உன் ஊர் அள்ளியும் ஒரே சொல்டா" என்றபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒகேனக்கல்லும் இதே கதை. புகை கன்னடத்தில் பொகெ, பிறகு ஹொகெ. ஹொகெ எழும் கல் ஹொகேனகல். அருவி விழும் இடத்தில் நீர்த்திவலை புகை மாதிரி எழுவதை நேரில் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஹ போய் ஒகேனக்கல். ஓசூரும் அப்படியே. புது என்பதன் கன்னட உறவு பொச, பிறகு ஹொச. ஹொச ஊர், அதாவது புதூர். வெளியூர்ப் பெயர் மாதிரி ஒலிக்கும் இரண்டிலும் நம் புகையும் புதுவும் இருக்கின்றன.

இந்த நூலில் நான் மிகவும் மதிப்பது ஒன்று உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் இது உடன்பிறந்தவர்களாக நிறுத்துகிறது. 1816இல் எல்லிஸ் இந்த உறவை எழுதிக் காட்டினார், 1856இல் கால்டுவெல் அதை விரித்து ஒப்பிலக்கணம் எழுதினார். ரோலு என்பது உரலைக் கெடுத்துச் சொன்னது என்று தெலுங்கு வீட்டுப் பெண்ணிடம் நான் சொல்லியிருந்தால், பொய்யைச் சொல்லி அவளைக் குனிய வைத்திருப்பேன். இரண்டும் ஒரு தாய்ச்சொல்லின் பிள்ளைகள். நம்மைப் போல நாலு மொழி கலந்த ஊரில் புத்தகம் போடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பாவாணர் வழி

மூத்த ஐயாவின் நூலைப் பற்றிப் பேசும்போது எனக்குத் தயக்கம் உண்டு, ஏனென்றால் தேவநேயப் பாவாணர் மீது எனக்கு மரியாதை அதிகம். சேலம் நகராட்சிக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை தமிழ் நடத்தியவர். அப்போது நம் தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் மாவட்டம்தான். 1974இல் தமிழ்நாடு அரசு சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கி அவரை இயக்குநராக அமர்த்தியது. 1981இல் மறைந்தார். 1985இல் முதல் மடலத்தின் முதல் பகுதி வந்தது. பின்வந்தவர்கள் தொடர்ந்து வேலை செய்து 2011இல் 12 மடலங்கள், 31 பகுதிகளாக முடித்தார்கள். தமிழிலேயே விளக்கம், தமிழிலேயே வேர். ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை யார் துணையும் இல்லாமல் படிக்கலாம். நாலு வழியில் இந்த வசதி இதற்கு மட்டும்தான்.

தமிழுக்கு உள்ளேயே ஒரு சொல்லின் சுற்றத்தைப் பார்க்க இந்த முறை நன்றாக உதவுகிறது. எங்கள் பக்கம் வீடுகள் சேர்ந்த கூட்டத்தை வளவு என்பார்கள். வளை, வளைவு, வளையம், வளையல், வளவு என்று ஒரே கொடியில் கோத்துப் பார்த்தால், சுற்றி வளைத்த இடம் என்ற பொருள் தானே தெரிகிறது. இப்படிக் கோக்கிற கண்ணைத் தமிழாசிரியர்களுக்குக் கொடுத்தவர் பாவாணர்.

சிக்கல், வேர் எங்கே முடிய வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிட்டது என்பதில் இருக்கிறது. உலக மொழிகளுக்கெல்லாம் தமிழே மூலம் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு தேடினால் எந்தச் சொல்லுக்கும் தமிழில் ஏதாவது ஒரு வேர் கிடைத்துவிடும். ஆயிரத்தை எடுத்துக்கொள்வோம். அயிர் என்றால் நுண்மணல், எண்ண முடியாத மணலைப் போல மிகுதி, அதனால் ஆயிரம் என்பது அவர் வழி வந்த விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ராயக்கோட்டை தக்காளிச் சந்தையில் கன்னடக்காரர் ஆயிரத்தைச் சாவிர என்பார். பழங்கன்னடக் கல்வெட்டுகளில் அது சாசிர. அந்த ச எங்கிருந்து வந்தது என்பதற்கு மணலில் விடை இல்லை. வடமொழியின் சஹஸ்ர என்பதிலிருந்து சாசிர, சாவிர, தமிழில் ச் உதிர்ந்து ஆயிரம் என்று வைத்தால் எல்லாம் நேராகிறது. தெலுங்குக்காரர் சொல்லும் வெய்யி இதில் சேராது, அது அவர்கள் சொந்தச் சொல்.

ஐயா விடவில்லை. "தமிழ் ச-வை ஏன் உதிர்க்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இது ஒரு சொல்லுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடாக இருந்தால் நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிராவண என்ற மாதம் ஆவணி. சிரவிஷ்டா என்ற நட்சத்திரம் அவிட்டம். சீஹள என்ற தீவு ஈழம். கடன் சொற்களில் மட்டும் இல்லை, நம் சொந்தச் சொற்களிலும் இது நடந்திருக்கிறது. நம் ஆறு என்ற எண் கோண்டியில் சாருங். நம் உப்பு பர்ஜி மொழியில் சுப். கொடுத்தலைக் குறிக்கும் நம் ஈ, கோண்டியிலும் கூயியிலும் சீ. மத்திய இந்தியக் காடுகளில் இருக்கும் சகோதர மொழிகள் வைத்துக்கொண்ட ச-வை நாம் விட்டுவிட்டோம்.

இதற்குச் சாட்சி நம் ஊர்க்காரரே. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. அசோகர் தன் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்து சதியபுதோ என்று ஒரு அரச குலத்தைச் சொல்கிறார். அது யார் என்று நெடுநாள் விவாதம் நடந்தது. 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் ஒரு தமிழ்-பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' என்பது வாசகம், அஞ்சி கொடுத்த இருப்பிடம் என்று பொருள். சதிய என்பதும் அதிய என்பதும் ஒரே குலப்பெயரின் இரண்டு வடிவம், ஒன்றில் ச் இருக்கிறது, மற்றதில் உதிர்ந்திருக்கிறது, இரண்டையும் ஒரே வரியில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதே வரியில் வரும் 'ஈத்த' கூட, மேலே சொன்ன சீ-யின் ச் உதிர்ந்த சொல். இதைப் படித்துக் காட்டியபோது ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாங்கிப் பார்த்தார். "சரிப்பா, ஆயிரத்தை நீயே எழுது" என்றார்.

வடமொழி என்று எழுதுவதால் தமிழுக்குக் குறைவு வருமோ என்ற கவலை அவருக்கு இருந்தது, எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. வடமொழிப் பேராசிரியரான பர்ரோவே நீர், மீன், பள்ளி போன்ற திராவிடச் சொற்கள் வடமொழிக்குள் போயிருப்பதைப் பட்டியல் போட்டு எழுதினார். கொடுத்ததைக் காட்டும் அதே அளவுகோல்தான் வாங்கியதையும் காட்டும். ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ள முடியாது.

கல் சொல்வது

கல்வெட்டு வழி மற்ற மூன்றையும் போல நூலைத் திறந்து பார்க்கிற வேலை இல்லை. அதற்கு நேரம் வேண்டும், வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்த துணை வேண்டும். ஆனால் காலத்தைச் சொல்லக்கூடியது இது மட்டும்தான். இந்தச் சொல் இந்த ஆட்சியாண்டில் இந்த இடத்தில் இந்தப் பொருளில் இருந்தது என்று அகராதி சொல்லாது, கல் சொல்லும்.

பிள்ளைகளைத் தருமபுரி அகழ்வைப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வெயிலில் வரிசையாக நடுகற்கள். வில்லோடு நிற்கும் வீரன், உடம்பில் தைத்த அம்பு, காலடியில் மாடு. செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்களில் திரும்பத் திரும்ப வரும் வாசகம், 'தொறுக் கொண்ட ஞான்று பட்டான்' என்பது. தொறு என்றால் மாட்டு மந்தை. மந்தையைக் கவர்ந்த அன்றைக்குச் சண்டையில் செத்தான் என்று பொருள். தமிழ்ப் பேச்சில் தொறு இப்போது இல்லை. ஆனால் பழங்கன்னடத்தில் மாட்டுக்குத் துறு, மந்தை கவர்தலுக்குத் துறுகொள். கர்நாடகத்து வீரக்கற்களில் நிறைய வரும். பர்ரோ, எமனோ நூலில் தொறுவும் துறுவும் ஒரே பதிவில்தான் இருக்கின்றன.

தொல்லியல் துறை 1970களில் இந்தப் பகுதிக் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டது. அந்தத் தொகுப்புகளை நூலகத்தில் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். இங்கே தமிழோடு நுளம்பர் என்ற அரச குலத்தின் காலத்துக் கன்னடக் கல்வெட்டுகளும் இருப்பதால், இரண்டு மொழியும் எத்தனை காலமாக அருகருகே வாழ்ந்திருக்கின்றன என்பதும் தெரியும். ஆனால் பாட்டி சமையலறையில் சொல்லும் சொற்களுக்குக் கல்லில் போய்த் தேட முடியாது. நிலம், வரி, மாடு, போர், கோயில், ஊர்ப் பெயர் ஆகியவைதான் கல்லில் கிடைக்கும்.

நாங்கள் எடுத்த முடிவு

நாலாவது கட்டத்துக்கு அடிப்படையாகப் பர்ரோ, எமனோ நூலையே வைத்துக்கொள்கிறோம். ரோமன் எழுத்தைப் படிக்க அரை நாள் பழகினால் போதும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே பழகிவிட்டார்கள். இந்த நூல் சொல்வதை என் வகுப்பிலேயே காதால் சோதிக்க முடிகிறது என்பதுதான் எனக்குப் பெரிய காரணம். வேறு மாவட்டத்தில், ஒரே மொழி பேசும் ஊரில் இருந்திருந்தால் நான் தமிழ் அகராதியை அடிப்படையாக எடுத்திருப்பேன். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், மாரண்டஹள்ளி மாதிரி இடங்களில் இருப்பவர்களுக்குப் பக்கத்து வீடே பாதி அகராதி.

அரபு, பாரசீகம், போர்ச்சுகீசியம், ஆங்கிலம் என்று வெளியிலிருந்து வந்த சொல் என்று சந்தேகம் வந்தால் நேரே சென்னைப் பல்கலைக்கழக அகராதி. எங்கள் அனுபவத்தில் மூன்றில் ஒரு சொல் இப்படி முடிந்துவிடுகிறது. பேரகரமுதலியைத் தமிழுக்குள் உள்ள சொற்சுற்றம் காட்டுவதற்கு எடுக்கிறோம், வளவு மாதிரி. அதில் வரும் வேரைப் பக்கத்து மொழி வடிவத்தோடு ஒத்துவந்தால் அச்சிடுவோம், இல்லாவிட்டால் விட்டுவிடுவோம். ஐயாவும் இதற்கு ஒப்புக்கொண்டு, அந்தச் சுற்றப் பகுதி முழுவதையும் தானே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கல்வெட்டை ஊர்ப் பெயர்களுக்கும் மாடு, நிலம் பற்றிய சொற்களுக்கும் மட்டும் வைத்துக்கொள்கிறோம், அது சமூக அறிவியல் சார் பொறுப்பு.

ராகியைப் பற்றிக் கேட்பீர்கள். எங்கள் பக்கம் களி கிண்டுவது ராகியில்தான், கேழ்வரகு என்பது பாடப் புத்தகத்தில். ர-வில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. அதனால்தான் பழைய வழக்கில் முன்னால் இ போட்டு இராகி என்று எழுதினார்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் அது ராகியேதான். பயிரும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதனால் 'கன்னடம், தெலுங்கோடு பொதுச் சொல்' என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டோம்.

பாட்டிகளின் கதையை என்ன செய்வது என்று கடைசியில் ஒரு பேச்சு வந்தது. எடுத்துவிடலாம் என்றார் சமூக அறிவியல் சார். எனக்கு மனசு வரவில்லை. ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு 'ஊரில் சொல்லும் கதை' என்று தலைப்பு வைத்துவிட்டோம். வேர் வேறு, கதை வேறு என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால் போதும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். அந்தப் பையனின் பக்கம் இப்போது அச்சுக்குப் போயிருக்கிறது:

அள்ளி. பொருள்: சிற்றூர். கேட்ட இடம்: வேப்பனஹள்ளி, மாரண்டஹள்ளி, சுற்று வட்டாரம். எங்கிருந்து வந்தது: தமிழ் பள்ளி, தெலுங்கு பல்லி, பழங்கன்னடம் பள்ளி, பிறகு ஹள்ளி. கன்னட ஹள்ளி தமிழ் வாயில் அள்ளி. ஒப்பிடுக: பால், ஹாலு. ஊரில் சொல்லும் கதை: ராஜா பொன்னை அள்ளி அள்ளிக் கொடுத்தார். சொன்னவர்: பாட்டி.